பின்மூடி விடுபடும் நொடி

பனியன் கம்பெனியில் பவர் டேபிளுக்குப் பக்கத்தில், கைக்கெட்டும் தூரத்தில், எப்போதும் ஒரு டிரிம்மர் கிடக்கும். நூல் பிசிறு வெட்டும் சின்னக் கத்திரி. காலை எட்டரைக்குத் தொடங்கிய ஷிப்டில் மத்தியானம் கைக்கடிகாரம் நின்றுபோனால் கண் முதலில் போவது அதன் மேல்தான். வேலை நேரத்தில் போன் கூடாது என்பது பல கம்பெனிகளில் கட்டுப்பாடு. மணிக்கு இத்தனை பீஸ் என்று போர்டில் எழுதிக் கணக்குப் பார்க்கும் இடத்தில், கையில் நேரம் தெரியாமல் உட்கார்ந்திருப்பது சங்கடம். "பின்னாடி மூடிய நெம்பி, செல்லைக் கழட்டிப் போட்டா ஓடிக்குமுங்க அக்கா" என்று பக்கத்து மிஷினில் இருக்கும் தம்பி நல்லெண்ணத்தோடு சொல்வான். டிரிம்மரின் முனை மூடியின் இடுக்குக்குள் போகும்.

அங்கே அது போகவே கூடாது. வழுக்கினால் உள்ளங்கை கிழியும். மூடி திறந்துகொண்டால் அதே முனை உள்ளே பாய்ந்து வாட்சின் மெஷினைக் கெடுக்கும். மூன்றாவது ஆபத்து திருப்பூருக்கே நன்றாகத் தெரிந்தது. ஏற்றுமதிக் கம்பெனிகளில் ஒரு தையல் ஊசி உடைந்தால் அதன் எல்லாத் துண்டுகளையும் தேடியெடுத்து, ரிஜிஸ்டரில் ஒட்டிவைத்த பிறகுதான் புது ஊசி தருவார்கள். ஒரு துண்டு குறைந்தாலும் அந்த டேபிளில் இருந்த துணியெல்லாம் மெட்டல் டிடெக்டருக்குப் போகும். தைப்பது கைக்குழந்தையின் சட்டையாக இருக்கலாம் என்பதால் வந்த ஒழுங்கு அது. வாட்சை நெம்பப் போய் டிரிம்மரின் முனை அரை மில்லிமீட்டர் உடைந்து விழுந்தால், உடைந்த ஊசிக்குச் செய்யும் அத்தனையும் அதற்கும் செய்தாக வேண்டும். வாட்ச் திறக்கிற வேலையை உற்பத்தி நடக்கும் தளத்துக்குள் வைத்துக்கொள்ளவே வேண்டாம் என்பதற்கு இது ஒன்றே போதும்.

ஒரு தலைமுறைக்கு முன்பு இந்தப் பிரச்சினை இவ்வளவு பரவலாக இல்லை. 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து பெங்களூரில் எச்.எம்.டி. கைக்கடிகாரங்கள் செய்யத் தொடங்கியது. அதன் ஜனதா போன்ற வாட்சுகளுக்குத் தினம் ஒருமுறை சாவி கொடுத்தால் போதும். சர்வீஸுக்கு மட்டும்தான் மூடி திறக்கும். அதுவும் பழகிய ஒருவரின் கையால். 1984இல் டாடா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து டைட்டனைத் தொடங்கி, ஓசூரிலிருந்து குவார்ட்ஸ் வாட்சுகள் வரத் தொடங்கியபோது கணக்கு மாறியது. குவார்ட்ஸ் வாட்சில் சாவி இல்லை, செல் உண்டு. செல் தீரும். தீர்ந்தால் மூடியைத் திறந்தாக வேண்டும்.

எவ்வளவு நாளில் தீரும் என்பதை நாமே கணக்கிடலாம். வாட்ச் கடைகளில் அதிகம் புழங்கும் செல்களில் ஒன்று எஸ்.ஆர்.626 என்ற சில்வர் ஆக்சைடு செல். விட்டம் 6.8 மில்லிமீட்டர், கனம் 2.6 மில்லிமீட்டர், மின்னழுத்தம் 1.55 வோல்ட். அதன் கொள்ளளவு சுமார் 26 மில்லி ஆம்பியர் மணி. ஒரு சாதாரண வாட்ச் ஒரு மைக்ரோ ஆம்பியரை ஒட்டி மின்சாரம் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால் 26,000 மணி நேரம், அதாவது ஏறக்குறைய மூன்று ஆண்டு ஓடும். ஆக, பத்தாண்டு உழைக்கும் ஒரு வாட்சின் மூடி மூன்று முறையாவது திறக்கும். ஒவ்வொரு முறையும் மூடிக்கும் கேஸுக்கும் சிறு காயம் விழலாம். சேரச் சேர அது தண்ணீர் நுழையும் வழியாகும். எந்தக் கருவியால் திறக்கிறோம் என்பது அதனால்தான் வாட்சின் ஆயுளைத் தீர்மானிக்கிற விஷயம்.

திருகும் இல்லாமல் பசையும் இல்லாமல் இந்த மூடி எப்படி நிற்கிறது? குழந்தை உடைகளுக்கு டிச் பட்டன் அடிக்கிறவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. டிச் பட்டனின் ஒரு பாதியில் குமிழ், இன்னொரு பாதியில் வளையம். அழுத்தும்போது வளையம் ஒரு கணம் விரிந்து, குமிழின் அகன்ற பகுதியைத் தாண்டவிட்டு, மறுபடி சுருங்கிப் பிடித்துக்கொள்கிறது. "டிச்" என்ற சத்தம் அந்தச் சுருக்கத்தின் சத்தம். ஸ்னாப் வகைப் பின்மூடியும் அப்படியே. மூடியின் உள்விளிம்பு கொஞ்சம் வெளிநோக்கிச் சரிந்திருக்கும். கேஸின் உட்பக்கம் ஒரு குறுகலான வாயும் அதற்குக் கீழே ஒரு பள்ளமும் இருக்கும். அழுத்தினால் விளிம்பு குறுகி வாயைக் கடந்து, பள்ளத்தில் போய் விரிந்துகொள்ளும்.

இதற்குப் பின்னால் இருப்பது உலோகத்தின் மீள்தன்மை. வளைத்து விட்டால் பழைய வடிவத்துக்குத் திரும்பும் குணம். ஆனால் அதற்கு எல்லை உண்டு. வாட்ச் மூடிகளுக்குப் பயன்படும் மென்பதப்பட்ட ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், தன் நீளத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு நீண்டாலோ குறுகினாலோ திரும்பிவிடும். அதற்கு மேல் போனால் வளைந்தது வளைந்ததுதான். 30 மில்லிமீட்டர் விட்டமுள்ள மூடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால் 0.03 மில்லிமீட்டர். இவ்வளவு சின்ன அசைவை நம்பித்தான் மொத்த மூடியும் நிற்கிறது. ஒரே இடத்தில் முரட்டுத்தனமாக நெம்பினால் அந்த இடத்தில் மட்டும் விளிம்பு எல்லையைத் தாண்டி நிரந்தரமாகக் கோணிவிடும். மூடி மறுபடி பொருந்தும், சத்தமும் வரும், பிடிப்பு மட்டும் இருக்காது.

டிச் பட்டனுக்கும் வாட்ச் மூடிக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. பட்டனில் இரண்டு விசைகள் இருக்கின்றன. பட்டன் துணியிலிருந்து பிய்ந்து வரவே கூடாது. வெளிநாட்டு வாங்குவோர் பலர் 90 நியூட்டன் இழுவிசையை, அதாவது ஒன்பது கிலோவுக்குச் சற்று மேற்பட்ட எடையை, அது 10 வினாடி தாங்க வேண்டும் என்று கேட்கிறார்கள். ஆனால் இரண்டு பாதியும் ஒன்றைவிட்டு ஒன்று பிரிவது ஒரு தாயின் விரலுக்குச் சுலபமாக இருக்க வேண்டும். வாட்ச் மூடி விரலுக்குத் திறக்கவே கூடாது. கை மேஜையில் இடித்தாலும், வியர்வையில் வழுக்கினாலும் மூடியபடி இருக்க வேண்டும். அதனால் திறக்கும் விசை வேண்டுமென்றே அதிகமாக வைக்கப்பட்டிருக்கிறது. அதைத் தரக் கருவி தேவைப்படுகிறது. ஆபத்தும் இங்கேதான் தொடங்குகிறது.

மூடி கொஞ்சம் கொஞ்சமாகத் திறப்பதில்லை. குறுகிய வாயைத் தாண்டும்வரை முழு எதிர்ப்பு; தாண்டிய மறுகணம் எதிர்ப்பே இல்லை. கை அதுவரை தள்ளிக்கொண்டிருந்த விசை அப்படியே மிஞ்சி நிற்கும். கையும் முன்கையும் சேர்ந்து ஒரு கிலோ எடை என்று கொள்வோம். நான்கு கிலோ எடைக்குச் சமமான 40 நியூட்டன் விசையோடு கத்தியைத் தள்ளுகிறோம் என்றும் கொள்வோம். தடை விலகினால் இருபதில் ஒரு பங்கு நொடியில் கத்தி 5 சென்டிமீட்டர் முன்னே போய்விடும். எதிர்பாராத மாற்றத்தை உணர்ந்து கையை நிறுத்த நமக்குத் தேவையான நேரம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நொடி. எவ்வளவு கவனமான ஆளாக இருந்தாலும் கத்தி முந்திக்கொள்ளும். "நான் பார்த்துத்தான் பண்ணுவேன்" என்று சொல்வதால் இந்த நான்கு மடங்கு இடைவெளி மூடாது.

அந்த 5 சென்டிமீட்டர் பாதையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மூடிக்கு நேர் கீழே, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழத்திலேயே, செல்லுக்குப் பக்கத்தில் செம்பு நிறத்தில் ஒரு சின்ன உருளை தெரியும். அதுதான் காயில். தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று சுற்றப்பட்டது. வாட்சின் இதயம் ஒரு குவார்ட்ஸ் படிகம். நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அந்த எண்ணை 15 முறை இரண்டால் வகுத்தால் ஒன்று வரும். சிப் அப்படி வகுத்து நொடிக்கொரு துடிப்பைக் காயிலுக்கு அனுப்புகிறது. காயில் காந்தமாகி, சின்னஞ்சிறு காந்த ரோட்டாரை அரைச் சுற்று சுழற்றுகிறது. 1936இல் மாரியஸ் லாவே என்ற பிரெஞ்சுப் பொறியாளர் உருவாக்கிய மோட்டார் இது. பின்னால் வந்த குவார்ட்ஸ் வாட்சுகளுக்கு அதுவே அச்சாணி ஆயிற்று. கத்தி முனை அந்தக் காயிலின் ஒரே ஒரு சுற்றை அறுத்தாலும் மின்சுற்று முறிந்துவிடும். புது செல் போட்டாலும் முள் நகராது. "செல் மாத்தினப்புறமும் ஓடலீங்க" என்று கடைக்கு வருகிற வாட்சில், கண்ணில் லென்ஸ் பொருத்திய கடைக்காரர் முதலில் தேடிப் பார்ப்பது அறுந்த காயிலைத்தான்.

ஆகவே கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி, மூடி விடுபட்ட நொடியில் இந்த முனை எங்கே போகும் என்பதே. திறக்குமா என்பது அடுத்த கேள்வி. ஏனென்றால் எந்தக் கூர்முனையும் திறக்கத்தான் செய்யும்.

கருவியைக் கையில் எடுக்கும் முன் செய்ய வேண்டியது பார்ப்பது. எல்லா வாட்சும் ஸ்னாப் மூடி கொண்டதல்ல. மூடியின் ஓரத்தில் சம இடைவெளியில் பள்ளங்கள் வட்டமாக இருந்தால் அது திருகு மூடி. சுற்றித்தான் கழற்ற வேண்டும். 1926இல் ரோலக்ஸ் ஆய்ஸ்டர் என்ற பெயரில் கொண்டுவந்த வாட்சில் தண்ணீர் புகாமல் இருக்க மூடியைத் திருகாகவே அமைத்தார்கள். அந்த முறை இன்றும் தொடர்கிறது. அதை நெம்பினால் மரை போய்விடும். நான்கு மூலையில் நான்கு குட்டி ஸ்குரூ தெரிந்தால், கேசியோவின் எஃப்-91டபிள்யூ போல, சின்ன ஸ்குரூ டிரைவர் போதும். ஸ்மார்ட் வாட்ச், பிட்னஸ் பேண்டு ஆகியவற்றின் மூடி பெரும்பாலும் பசையால் ஒட்டப்பட்டது. உள்ளே லித்தியம் அயான் பேட்டரி. கத்தி குத்தினால் தீப்பிடிக்கக் கூடியது. அதை வீட்டில் திறக்கவே வேண்டாம்.

ஸ்னாப் மூடிக்கு அடையாளம்: பள்ள வட்டமும் ஸ்குரூவும் இருக்காது, கேஸும் மூடியும் சேரும் கோட்டில் ஓரிடத்தில் மட்டும் ஒரு சின்ன உதடு நீட்டிக்கொண்டிருக்கும், அல்லது ஒரு சிறு பள்ளம் வெட்டியிருக்கும். வாட்ச் செய்தவர்களே "இங்கே கருவியை வை" என்று விட்ட இடம் அது. பட்டை மாட்டும் கொம்புகளுக்கு நடுவே ஒளிந்திருக்கலாம். பட்டையைக் கழற்றிவிட்டு, நல்ல வெளிச்சத்தில், லென்ஸ் வைத்து ஒரு முழு வட்டம் சுற்றிப் பார்க்க வேண்டும். அவசரப்பட்டு வேறு இடத்தில் குத்தியவர்கள் ஏற்படுத்திய தழும்பும் பள்ளம் போலவே தெரியும். அதை நம்பிவிடக் கூடாது. தொழிற்சாலையில் வெட்டிய பள்ளத்தின் ஓரங்கள் வழவழப்பாக, ஒரே சீராக இருக்கும்.

திருப்பூரில் அணிந்த வாட்சில் இந்தக் கோடு சுலபத்தில் கண்ணுக்குப் படாது. நிட்டிங்கில் வேலை செய்பவரின் வாட்ச் என்றால் வியர்வையும் பஞ்சும் கலந்து, கோடு முழுக்க அடைத்துச் சாம்பல் நிறக் களிம்பாக இறுகியிருக்கும். சாயப்பட்டறைக்காரரின் வாட்ச் என்றால் நிறமும் உப்பும். பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் சாயம் ஏற்ற லிட்டருக்குப் பத்துக் கணக்கான கிராம் உப்பும், கூடவே சோடா ஆஷும் போடுகிறார்கள். அடர் நிறங்களுக்கு இன்னும் அதிகம். அந்தத் தண்ணீர் மணிக்கட்டில் தெறிக்காமல் இருக்காது.

இங்கே வேதியியல் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம் அதிலுள்ள குரோமியம். காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மேற்பரப்பில் மிக மெல்லிய ஆக்சைடு படலம் ஒன்றை அது உண்டாக்குகிறது. கீறல் விழுந்தாலும் ஆக்சிஜன் கிடைத்தால் படலம் தானே வளர்ந்துகொள்ளும். மூடி இடுக்கு போன்ற ஒடுங்கிய இடத்தில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். உப்பின் குளோரைடு மட்டும் தேங்கிச் செறிவாகும். படலம் உடைந்தால் வளர வழியில்லாமல் அந்த இடத்தில் குழி விழும். துருவின் பொருள்கள் இடுக்கை அடைத்து மூடியைக் கேஸோடு பிடித்துவைக்கும். "இந்த மூடி ரொம்ப டைட்டுங்க" என்கிறார்களே, அதில் பாதி மூடியின் இறுக்கம், மீதி இந்தப் படிவின் இறுக்கம். முதலில் படிவைக் கழுவாமல் கத்தியை வைத்தால் தேவையற்ற விசையைச் சேர்த்துத் தள்ள வேண்டிவரும். அந்த அதிக விசைதான் பிறகு கத்தியை உள்ளே பாய விடுகிறது.

அதனால் முதல் கருவி ஒரு மரப் பல்குச்சி. இடுக்கு முழுவதும் மெல்ல ஓட்டி, களிம்பைக் கிளப்ப வேண்டும். பிறகு மென்மையான பல்துலக்கும் பிரஷை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தொட்டு, சொட்டாமல் உதறிவிட்டுத் தேய்க்க வேண்டும். தண்ணீர் வேண்டாம், ரப்பர் வாஷர் தளர்ந்திருந்தால் உள்ளே போய்விடும். மண்ணெண்ணெய், மிஷின் ஆயில் எதுவும் வேண்டாம். இடுக்கு வழியாக ஊறி மெஷினுக்குள் பரவும். கழுவிய பிறகு பல வாட்சுகளில் அதுவரை தெரியாத பள்ளம் பளிச்சென்று தெரியும். அயர்ன் டேபிளில் வைத்துச் சூடாக்கினால் விரிந்து தளருமே என்று கேட்கிறவர்கள் உண்டு. மூடியும் கேஸும் சேர்ந்தே சூடாகும், சேர்ந்தே விரியும். 20 டிகிரி வித்தியாசத்தைக்கூட ஒன்றுக்கு மட்டும் தர முடிந்தால், 30 மில்லிமீட்டர் எஃகு விரிவது நூறில் ஒரு மில்லிமீட்டர் அளவே. அந்தச் சொற்ப லாபத்துக்காகச் செல்லைச் சூடாக்குவது தப்பு.

இனி, நெம்பும் கருவி. கடிகாரக்காரர்கள் கேஸ் நைஃப் என்று சொல்கிற கத்தியைக் கையில் வாங்கிப் பார்த்தால் முதலில் ஏமாற்றமாக இருக்கும். தக்காளி வெட்டாது. குட்டையான, அகலமான அலகு. விளிம்பு மெல்லியதாக இருக்கும், ஆனால் சவரக் கூர்மை இருக்காது. கைப்பிடி மட்டும் அலகைவிட மிகப் பருமன். சுவிட்சர்லாந்தின் லெ லோக்லே ஊரில் 1791 முதல் இருக்கும் பெர்ஜோன் நிறுவனத்தின் கத்தியானாலும், உள்ளூரில் சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பதானாலும் அடிப்படை வடிவம் ஒன்றுதான். அந்த வடிவத்தின் ஒவ்வொரு அம்சத்துக்கும் காரணம் இருக்கிறது.

கூர்மையான ஆப்பு மூடியைத் தூக்குவது முன்னே நகர்வதால். 15 டிகிரி சரிவுள்ள ஆப்பு அரை மில்லிமீட்டர் தூக்க வேண்டுமானால் 2 மில்லிமீட்டர் உள்ளே போயாக வேண்டும். போகிற திசையும் காயிலின் திசையும் ஒன்று. கேஸ் நைஃப் வேலை செய்கிற விதம் வேறு. விளிம்பைப் பள்ளத்தில் லேசாகப் பதியவைத்து, முன்னே தள்ளாமல், கைப்பிடியைத் தன் அச்சில் திருக வேண்டும். 6 மில்லிமீட்டர் அகலமுள்ள முனையை 15 டிகிரி திருகினால் அதன் ஓரம் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் எழும்பும். முனை உள்ளே போன தூரம் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. மூடி விடுபட்டுக் கை மிஞ்சினாலும் கத்தி இன்னும் கொஞ்சம் உருளும், அவ்வளவே. கைப்பிடி பருமனாக இருப்பதும் இதற்காகத்தான். 24 மில்லிமீட்டர் பருமனுள்ள பிடியின் ஓரத்தில் கை தருகிற விசை, 6 மில்லிமீட்டர் முனையின் ஓரத்தில் நான்கு மடங்காகக் கிடைக்கிறது. கை மெதுவாகவே வேலை செய்யலாம்.

அலகு குட்டையாக இருப்பதால் கட்டைவிரலை அலகின் மேல், முனைக்குச் சில மில்லிமீட்டர் தள்ளி, வைத்துப் பிடிக்க முடிகிறது. அந்த விரல் கேஸின் ஓரத்தில் முட்டி நிற்கும். அதற்கு மேல் முனை போகாது. டிரிம்மரிலோ பிளேடு கட்டரிலோ இந்தப் பிடிக்கு இடமே இல்லை.

உலோகத்தின் கடினத்தையும் பார்க்க வேண்டும். அனுப்பர்பாளையத்தில் தலைமுறைகளாகப் பித்தளை, செம்புப் பாத்திரம் அடித்தவர்களுக்கு எந்த உலோகம் எதைக் கீறும் என்பது கைப்பழக்கம். விக்கர்ஸ் அளவில் மென்பதப்பட்ட ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் 150 முதல் 200 வரை. கட்டர் பிளேடு போன்ற கடினப்படுத்திய எஃகு 600ஐத் தாண்டும். பித்தளைக் கேஸ் என்றால் அது ஸ்டீலைவிடவும் மென்மை. மேலே இருக்கும் குரோம் முலாம் மைக்ரான் கணக்கில்தான். பிளேடு பட்டால் மூடியும் கேஸும்தான் காயப்படும். கிளம்பும் எஃகுத் துகள்கள் இன்னொரு தொல்லை. கார்பன் எஃகுத் துகள் காந்தத்துக்கு ஒட்டும். வாட்சுக்குள் இருக்கும் ரோட்டார் ஒரு காந்தம். துகள் போய் அதில் ஒட்டிக்கொண்டால் வாட்ச் விட்டுவிட்டு நிற்கும், காரணமும் எளிதில் பிடிபடாது. கேஸில் கீறல் விழாதிருக்க, கத்தி படும் பகுதியில் மட்டும் மெல்லிய ஒட்டுநாடாவை ஒட்டிவைப்பது நல்ல பழக்கம்.

பல வாட்சுகளில் கேஸ் முலாம் பூசிய பித்தளையாக இருந்தாலும் மூடியில் மட்டும் "ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்" என்று பொறித்திருக்கும். மூடி நாள் முழுக்கத் தோலைத் தொட்டுக்கொண்டிருப்பதே காரணம். முலாமுக்கு அடியிலிருந்து வியர்வையில் கரையும் நிக்கல் சிலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் தரும். ஐரோப்பிய ஒன்றியம் 1994இல் கொண்டுவந்த நிக்கல் விதி, தோலோடு நெடுநேரம் ஒட்டியிருக்கும் பொருளில் வாரத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் கசியக் கூடாது என்கிறது. அந்தப் பட்டியலில் கைக்கடிகாரக் கேஸும் ஆடையில் அடிக்கும் ரிவெட் பட்டன், ஜிப்பும் ஒன்றாகவே பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருக்கின்றன. நிக்கல் ஃப்ரீ பட்டன் கேட்டு வாங்கும் திருப்பூர் மெர்ச்சண்டைசருக்கு இந்த விதி மனப்பாடம். மூடியைப் பிளேடால் கீறிச் சொரசொரப்பாக்கினால் அழுக்கும் வியர்வையும் தங்கும் பரப்புதான் கூடும்.

வாட்சை உள்ளங்கையில் வைத்து நெம்புவது எல்லாக் கருவிக்கும் பொதுவான பிழை. உள்ளங்கையின் தோலுக்கு அடியிலேயே விரல்களை இயக்கும் தசைநாண்களும் நரம்புகளும் ஓடுகின்றன. தையல்காரருக்கு அவைதான் சோறு. நைலான் முளைகளுள்ள கேஸ் ஹோல்டர் சின்ன விலைதான். அதில் வாட்சைக் கவ்வவைத்து, ஹோல்டரை மேஜையில் ஊன்றினால் இரண்டாவது கை கத்தியின் பாதையிலிருந்து விலகி நிற்கும். தினம் பல வாட்ச் திறக்கிற கடைக்காரருக்கு இன்னும் நல்லது திருகு வைத்த ஓப்பனர். வாட்சைத் தாங்கியில் அமர்த்தி, எதிரே இருக்கும் அலகைத் திருகு மூலம் சிறிது சிறிதாக முன்னே கொண்டுவருவார்கள். மூடி விடுபட்டாலும் திருகைச் சுற்றினால்தான் அலகு நகரும். கை எவ்வளவு வேகமாகத் துள்ளினாலும் கருவி துள்ளாது. நான் பார்த்தவற்றில் இதுவே பாதுகாப்பின் இயற்பியலை முழுமையாகக் கருவிக்குள்ளேயே வைத்திருப்பது.

மூடி திறந்ததும் அவசரம் தணிய வேண்டும். திருப்பூர்க் காற்றில் பஞ்சு எப்போதும் மிதக்கும். ஒரு பருத்தி இழையின் அகலம் 12 முதல் 20 மைக்ரான். பல்சக்கரங்களுக்கு இடையில் சிக்கி நிறுத்த அது போதும். மின்விசிறியை நிறுத்தி, ஒரு கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து மூடிவைத்துவிட்டுத்தான் புது செல்லைத் தேட வேண்டும். செல்லைப் பிடிக்கப் பிளாஸ்டிக் சாமணம் நல்லது. இரும்புச் சாமணம் இரண்டு முனைகளையும் தொட்டால் செல் வீணாகும். எடுத்த பழைய செல்லை உடனே ஒட்டுநாடாவில் சுற்றி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். குழந்தை விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தால்கூடக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

திறப்பதைவிட மூடுவதில்தான் கண்ணாடிகள் உடைகின்றன. பல மூடிகளின் உள்விளிம்பில் ஓரிடத்தில் வெட்டு இருக்கும். நேரம் வைக்கும் திருகின் தண்டு வரும் இடத்துக்கு நேராக அது வர வேண்டும். பொருந்தாமல் அழுத்தினால் தண்டு வளையும், மூடி அமராது, இன்னும் அழுத்தத் தோன்றும். ரப்பர் வாஷர் தன் பள்ளத்தில் முறுக்கில்லாமல் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து, தட்டையாகிக் காய்ந்திருந்தால் மாற்றி, சிலிக்கான் கிரீஸ் துளி தடவிய பிறகு இரண்டு கட்டைவிரல்களால் எதிரெதிர் ஓரங்களில் அழுத்த வேண்டும். அதற்கு அமராவிட்டால் பிரஸ். பிரஸின் கீழ் அச்சு, கண்ணாடியை விட்டுவிட்டு அதைச் சுற்றியுள்ள வளையத்தைத் தாங்குவதாக இருக்க வேண்டும். கண்ணாடி நசுக்கலைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. நடுவில் முட்டுக் கொடுத்து ஓரத்தை அழுத்தினால் அது வளைகிறது. வளைந்த ஒரு முகத்தில் இழுவை உண்டாகி விரிசல் ஓடுகிறது. மேஜையில் வாட்சைக் கவிழ்த்து உள்ளங்கையால் ஓங்கி அழுத்துவது சரியாக இந்த வேலையைத்தான் செய்கிறது.

வீட்டில் ஒரே வாட்ச் இருந்து, மூன்றாண்டுக்கு ஒருமுறை செல் மாற்றுவதென்றால் எந்தக் கருவியும் வாங்க வேண்டாம் என்பதே என் தீர்ப்பு. சனிக்கிழமை சம்பளம் வாங்கித் திரும்பும் வழியில் வாட்ச் கடையில் கொடுங்கள். "அண்ணா, வாஷரையும் பாத்துப் போடுங்க" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்கள். வீட்டில் நாலைந்து வாட்ச் இருந்து கற்றுக்கொள்ள ஆசையிருந்தால் குட்டை அலகுள்ள கேஸ் நைஃப், ஹோல்டர், லென்ஸ், பிளாஸ்டிக் சாமணம் ஆகிய நான்கையும் சேர்த்து வாங்குங்கள். கத்தியை மட்டும் வாங்காதீர்கள். ஓடாத பழைய வாட்ச் ஒன்றில் பழகிய பிறகு நல்லதைத் தொடுங்கள். நிதானமாக முயன்றும் மூடி அசையவில்லையென்றால் விசையைக் கூட்டாமல் கடைக்கு எடுத்துப் போங்கள்.

இன்னொன்று. மூடியில் 30 மீட்டர் என்று பொறித்திருப்பது, தொழிற்சாலையில் புது வாஷரோடு மூடிச் சோதித்த வாட்சுக்கான உறுதி. ஒருமுறை திறந்து மூடிய பிறகு, அழுத்தச் சோதனை செய்யாதவரை, அந்த எழுத்து செல்லாது. சாயப்பட்டறையிலும் பிளீச்சிங்கிலும் வேலை செய்பவர்கள் செல் மாற்றிய வாட்சைத் தண்ணீர் வேலைக்கு முன் கழற்றி வைத்துவிட வேண்டும்.